மகளின் முன்பற்களில் காவிக் கறை: தேய்த்தால் போகுமா, கேப் போட வேண்டுமா?

கேள்வி: பாலக்கோட்டிலிருந்து ஒரு தாய்

அனைவருக்கும் வணக்கம். தருமபுரி மாவட்டம் பாலக்கோட்டுக்கு அருகே ஒரு சிற்றூரில் வசிக்கிறோம். என் மகளுக்குப் பதின்மூன்று வயது. எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பால்பற்கள் விழுந்து மேல்வரிசை முன்பற்கள் முளைத்தபோதே அவை சுண்ணாம்பு பூசியதைப் போலத் திட்டுத் திட்டாக வெளுத்திருந்தன. நாளாக நாளாக அந்தத் திட்டுகள் பழுப்பேறி, இப்போது நான்கு பற்களின் நடுவே குறுக்காகக் காவி நிறப் பட்டை ஓடுகிறது. எங்கள் தெருவில் பல பிள்ளைகளுக்கு இப்படித்தான் இருக்கிறது என்பதால் நான் முதலில் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சென்ற மாதம் பள்ளியில் எடுத்த வகுப்புப் படத்தைப் பார்த்த பிறகுதான் மனம் கலங்கியது. மற்ற பிள்ளைகள் எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்க, இவள் மட்டும் உதட்டை இறுக மூடிக்கொண்டு நிற்கிறாள். வீட்டில் தம்பியோடு விளையாடிச் சிரிக்கும்போதுகூட இவளுடைய கை தானாக வாய்க்குப் போய்விடுகிறது.

யாரோ கைப்பேசியில் காட்டினார்கள் என்று எலுமிச்சைச் சாற்றில் உப்பைக் கலந்து இரண்டு மாதமாக எனக்குத் தெரியாமல் பல்லில் தேய்த்திருக்கிறாள்; பிறகு கரித்தூளும் தேய்த்திருக்கிறாள். கறை அப்படியே இருக்கிறது. ஈறில் இரத்தம் கசிவதும், குளிர்ந்த நீர் பட்டால் பல் கூசுவதும்தான் மிச்சம். ஒரு தனியார் பல் மருத்துவமனையில் காட்டியபோது, ஆறு பற்களைச் சுற்றிலும் அராவிவிட்டுக் கேப் என்ற பல்லுறை போட்டால் ஒரே வாரத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள். இந்த வயதில் அப்படிச் செய்யலாமா? இரண்டரை வயது மகனும் இருக்கிறான். அவனுக்கும் இப்படி ஆகாமல் காப்பாற்ற வழி உண்டா? ஃபுளோரைடு உள்ள பற்பசையை வீட்டில் நிறுத்திவிட வேண்டும் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். ஒகேனக்கல் குடிநீர் எங்கள் தெருவுக்கு இரண்டு நாளைக்கு ஒருமுறை வருகிறது. மற்றபடி ஆழ்துளைக் கிணற்று நீர்தான். எதுவானாலும் கொதிக்க வைத்துத்தான் குடிக்கிறோம். விவரம் அறிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

மறுமொழி 1: பல் மருத்துவர், சேலம்

வணக்கம் அம்மா. முதலில் அந்த எலுமிச்சையையும் உப்பையும் கரித்தூளையும் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். மற்ற எதையும் பிறகு பேசிக்கொள்ளலாம்; இதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம். அமிலத்தை அளக்கும் pH என்ற எண் குறையக் குறைய அமிலம் கூடுதல் என்று பொருள்; வாயில் அது 5.5-க்குக் கீழே இறங்கினாலே பல்லின் மேற்பூச்சான எனாமல் கரையத் தொடங்கும். எலுமிச்சைச் சாற்றின் pH ஏறக்குறைய 2. அமிலத்தில் ஊறி இளகிய எனாமலின் மீது உப்பையோ கரியையோ வைத்துத் தேய்த்தால் அது அரைபட்டுப் போகிறது. தோல் கிழிந்தால் வளரும், எலும்பு முறிந்தால் கூடும். எனாமலை உருவாக்கிய செல்கள் பல் முளைக்கும்போதே அழிந்துவிடுவதால், இழந்த எனாமல் மறுபடி வளர்வதில்லை. உங்கள் மகளுக்கு வந்திருக்கும் கூச்சம் அந்த இழப்பின் அறிகுறி.

நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் இது ஃபுளோரைடு மிகுவதால் பற்களைத் தாக்கும் ஃபுளோரோசிஸ் ஆகத்தான் இருக்கும் என்று எண்ணுகிறேன். ஆனாலும் நேரில் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். ஒரே காலத்தில் உருவாகும் பற்களை அது ஒன்றுபோலத் தாக்குவதால், இடப்பக்கம் எப்படியோ வலப்பக்கமும் அப்படியே இருக்கும். ஒரே ஒரு பல்லில் மட்டும் கறை இருந்தால், பால்பல்லில் பட்ட அடியோ அதில் வந்த சீழோ காரணமாக இருக்கலாம். குழந்தைப் பருவத்தில் டெட்ராசைக்ளின் மருந்து கொடுத்திருந்தால் பல் முழுவதும் சாம்பலும் பழுப்பும் கலந்த பட்டைகள் விழும். சொத்தையின் தொடக்கமும் வெள்ளைத் திட்டாகத்தான் தெரியும். ஆனால் அது பெரும்பாலும் ஈறை ஒட்டிய ஓரத்தில் தொடங்கும்.

இந்தக் கறை பல்லின் மேலே படிந்த அழுக்கு அன்று. நிரந்தர முன்பற்களின் எனாமல் குழந்தை பிறந்த சில மாதங்களில் தாடைக்குள்ளே உருவாகத் தொடங்கி, நான்கு ஐந்து வயது வரை நடக்கிறது. அந்தக் காலத்தில் நாள்தோறும் அளவுக்கு மிஞ்சிய ஃபுளோரைடு உடலுக்குள் போனால், எனாமல் இறுகாமல் நுண்துளைகளோடு உருவாகிவிடும். முளைக்கும்போது அது சுண்ணாம்பு போல வெளுத்துத் தெரியும். பிறகு உணவிலும் தேநீரிலும் உள்ள நிறம் அந்தத் துளைகளுக்குள் இறங்கிப் பழுப்பாகிறது. நீங்கள் உங்கள் கண்ணால் பார்த்ததும் இதே வரிசைதான். மகள் பல் துலக்காமல் விட்டதால் வந்தது என்று யாராவது அவளைக் கடிந்திருந்தால், அது உண்மையில்லை என்பதை அவளிடமே உட்கார்ந்து விளக்கிச் சொல்லுங்கள்.

கேப் பற்றிக் கேட்டீர்கள். பதின்மூன்று வயதில், வெறும் கறைக்காக, முன்பற்களைச் சுற்றிலும் அராவுவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். இந்த வயதில் பல்லின் உள்ளே இருக்கும் நரம்பும் இரத்தக் குழாயும் அடங்கிய கூழ்ப்பகுதி பெரிதாக இருக்கும். அராவும்போது அது பாதிக்கப்பட்டால் வேர் சிகிச்சை வரை போகும். ஈறின் விளிம்பும் இன்னும் மேலேறிக்கொண்டிருக்கும் பருவம் என்பதால், இன்று பொருத்தமாக வைக்கும் கேப்பின் ஓரம் சில ஆண்டுகளில் வெளியே தெரியத் தொடங்கும். எந்தக் கேப்பும் வாழ்நாள் முழுவதும் நிற்பதில்லை. அவளுக்கு முன்னே அறுபது எழுபது ஆண்டுகள் இருக்கின்றன. எத்தனை முறை மாற்றுவது?

பல்லைக் காப்பாற்றிக்கொண்டே கறையைக் குறைக்கும் முறைகள் இருக்கின்றன. மெலிதான, மேலோட்டமான கறைக்கு மைக்ரோ அப்ரேஷன் என்ற முறை நல்ல பலன் தரும். ஈறையும் உதட்டையும் ரப்பர் உறையால் மறைத்துக்கொண்டு, ஹைட்ரோகுளோரிக் அமிலமும் நுரைக்கல் பொடியும் சேர்ந்த பசையைக் கொண்டு, எனாமலின் மேற்பரப்பிலிருந்து மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கை மட்டும் அளந்து நீக்குவார்கள். (எலுமிச்சையும் அமிலம்தானே என்று நினைக்க வேண்டாம், அளவும் நேரமும் பாதுகாப்பும் மருத்துவரின் கையில் இருப்பதுதான் வேறுபாடு. வீட்டில் இதைச் செய்யவே முடியாது.) பால் வெள்ளைத் திட்டுகளுக்கு, நீர் போன்ற ரெசின் என்ற செயற்கைப் பிசினை எனாமலின் துளைகளுக்குள் ஊறவைத்து ஒளியால் இறுக்கும் ரெசின் இன்ஃபில்ட்ரேஷன் உதவும். இவற்றுக்கும் அடங்காத கறையாக இருந்தால், பல்லின் முகப்பில் மட்டும் பல்நிறக் காம்போசிட் பூசி மறைக்கலாம். வெளுப்பாக்கும் பிளீச்சிங்கை நான் பதினெட்டு வயது வரை தள்ளிப்போடுவது வழக்கம். அதில் தொடக்கத்தில் வெள்ளைத் திட்டுகள் இன்னும் எடுப்பாகத் தெரிவதும் உண்டு.

இவை எதையும் ஈறில் இரத்தம் கசியும் வாயில் தொடங்கக் கூடாது. ஆகவே முதல் ஒரு மாதத்துக்கு நான் உங்களிடம் கேட்பது மிக எளிமையானது. மிக மென்மையான பிரஷ். காலையிலும் இரவு படுக்கும் முன்பும் இரண்டு நிமிடம். பிரஷ் இழைகள் ஈறும் பல்லும் சேரும் கோட்டில் சாய்வாக அமர்ந்து சிறு சிறு வட்டங்களாக அசைய வேண்டும். அழுத்தம், பேனாவைப் பிடித்து எழுதும் அளவுக்குப் போதும். மருத்துவரிடம் ஒருமுறை பல் சுத்தம் செய்துகொண்டால் ஈறு இன்னும் விரைவாகத் தேறும். பல் சுத்தம் செய்தால் பல் ஆட்டம் கொடுக்கும் என்று ஊரில் சொல்வதை நம்ப வேண்டாம். பல்லில் படிந்து இறுகிய காரையை எடுக்காமல் விட்டால்தான் எலும்பு கரைந்து பல் ஆடும்.

பற்பசை பற்றி. மகளின் பற்களில் ஞானப்பல் தவிர மற்றவற்றின் எனாமல் எப்போதோ உருவாகி முடிந்துவிட்டது. அவள் துப்பிவிடும் பற்பசையால் புதிதாக ஃபுளோரோசிஸ் வராது. மாறாக, நுண்துளை உள்ள அந்த எனாமலைச் சொத்தையிலிருந்து காப்பதற்கும் கூச்சத்தைக் குறைப்பதற்கும் அது தேவை. மகனுடைய கணக்கு வேறு. அவன் இன்னும் துப்பத் தெரியாமல் விழுங்கும் வயதில் இருக்கிறான். உங்கள் குடிநீரின் அளவு தெரியும் வரை வெறும் பிரஷையும் நீரையும் கொண்டு நீங்களே துலக்கிவிடுங்கள். நீர் நல்லது என்று உறுதியான பிறகு அரிசி மணியளவு பற்பசை போதும். நம் நாட்டில் விற்கும் ஃபுளோரைடு பற்பசையில் 1000 பிபிஎம் அளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். அந்த அளவைக் குழாயின் மேலேயே அச்சிட்டிருக்க வேண்டும். 1000 பிபிஎம் என்றால் ஒரு கிராம் பசையில் 1 மில்லிகிராம். அரிசி மணியளவுப் பசையில் 0.1 மில்லிகிராம்தான் வரும். லிட்டருக்கு 2 மில்லிகிராம் ஃபுளோரைடு உள்ள நீரை ஒரு லிட்டர் குடித்தால், அப்படிப்பட்ட இருபது அரிசி மணிகளை விழுங்கியதற்குச் சமம். உங்கள் வீட்டில் முதலில் பார்க்க வேண்டியது நீரை.

மறுமொழி 2: குடிநீர் ஆய்வகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்

மருத்துவர் முடித்த இடத்திலிருந்தே தொடங்குகிறேன். அம்மா, கொதிக்க வைப்பது கிருமிகளுக்கு எதிரான நல்ல பழக்கம். ஆனால் அதனால் ஃபுளோரைடு போகாது. நீர் ஆவியாகிக் குறையக் குறைய, மிஞ்சிய நீரில் ஃபுளோரைடின் செறிவு கூடத்தான் செய்யும். மெழுகுவத்தி போன்ற வடிகட்டி உள்ள பாத்திரமும், புற ஊதாக் கதிரில் சுத்திகரிக்கும் கருவியும் அதை நீக்குவதில்லை. ஆர்.ஓ. கருவி நீக்கும், ஆக்டிவேட்டட் அலுமினா நிரப்பிய வடிகட்டியும் நீக்கும், ஆனால் இரண்டையும் முறையாகப் பராமரிக்க வேண்டும். படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்து ஃபுளோரைடைப் படியவைக்கும் நல்கொண்டா முறையை நாக்பூரில் உள்ள நீரி (NEERI) என்ற தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் உருவாக்கியது. நீரின் காரத்தன்மைக்கு ஏற்ப அளவு மாறும் என்பதால், ஆய்வு செய்யாமல் வீட்டில் கண் அளவாகச் செய்து பார்க்க வேண்டாம்.

நம் பகுதியின் பாறைகளில் ஃபுளோரைடு கொண்ட கனிமங்கள் உண்டு. நீர் அவற்றோடு நெடுங்காலம் தொடர்பில் இருக்கும்போது அது கரைந்து இறங்குகிறது. நிறமோ மணமோ சுவையோ மாறாது. இனிப்பான நீராகக்கூட இருக்கும். ஆகவே ஆய்வு ஒன்றே வழி. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் நீர் ஆய்வகம் இருக்கிறது. கண்ணாடிப் புட்டி வேண்டாம். சுத்தமான பிளாஸ்டிக் புட்டியை எடுத்து, மோட்டாரை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, அதே நீரால் மூன்று முறை அலசிவிட்டுப் பிடியுங்கள். ஆழ்துளைக் கிணற்றுக்கு ஒன்று, தெருக்குழாய்க்கு ஒன்று என்று தனித்தனியாகப் பிடித்து, இடமும் தேதியும் எழுதி ஒட்டுங்கள். இந்தியத் தர அளவின்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீரே கிடைக்காத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம்.

குழாய் நீரைத் தனியாக ஆய்வு செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் இந்தத் துன்பத்தைப் போக்குவதற்காகவே ஜப்பானியக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டு, 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. காவிரி நீரில் ஃபுளோரைடு குறைவு. ஆனால் மேல்நிலைத் தொட்டியில் காவிரி நீரோடு ஆழ்துளைக் கிணற்று நீரையும் ஏற்றிக் கலந்து விடுவதை என் பணிக்காலத்தில் சில ஊர்களில் பார்த்திருக்கிறேன். இன்னொரு வழக்கமும் உண்டு: குடிப்பதற்குக் குழாய் நீரைத் தனியாக வைத்துக்கொண்டு, சோறு வடிக்கவும் களி கிண்டவும் கிணற்று நீரை ஊற்றுவார்கள். களியில் ஊற்றிய நீர் முழுவதும் களியோடு வயிற்றுக்குள்தான் போகிறது. குறைவாகக் கிடைக்கும் நல்ல நீரைக் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஒதுக்கிவிட்டு, துணி துவைக்கவும் குளிக்கவும் கிணற்று நீரைப் பயன்படுத்துங்கள்.

தம்பியின் பற்களைக் காப்பாற்ற முடியுமா என்று கேட்டீர்கள். அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸில் 1901-இல் தொழில் தொடங்கிய பிரெடரிக் மெக்கே என்ற பல் மருத்துவர், அவ்வூர்ப் பிள்ளைகளின் பழுப்புப் பற்களைக் கண்டு ஆண்டுக்கணக்கில் அதன் காரணத்தைத் தேடினார். 1923-இல் ஐடஹோ மாநிலத்தின் ஓக்லி என்ற சிற்றூருக்கு அவர் போனபோது, வெந்நீர் ஊற்றிலிருந்து புதிதாகக் குழாய் போட்ட பிறகே பிள்ளைகளுக்குக் கறை வந்தது என்று தாய்மார் சொன்னார்கள். நீரில் என்ன இருக்கிறது என்று அவருக்கே அப்போது தெரியாது. ஆனாலும் அந்தக் குழாயை விட்டுவிட்டு வேறு ஊற்றிலிருந்து நீரெடுக்கச் சொன்னார். சில ஆண்டுகளில் அவ்வூரின் இளைய பிள்ளைகளுக்குக் கறையில்லாத நிரந்தரப் பற்கள் முளைத்தன. காரணம் ஃபுளோரைடு என்று சர்ச்சில் என்ற வேதியியலர் கண்டுபிடித்தது 1931-இல்தான். உங்கள் மகனுக்கு இப்போதுதான் இரண்டரை வயது. அவனுடைய நிரந்தரப் பற்கள் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கின்றன. எவ்வளவு விரைவாக நீரை மாற்றுகிறீர்களோ அவ்வளவு நல்லது.

மறுமொழி 3: கிருஷ்ணகிரி மாவட்டத்தைச் சேர்ந்த ஆசிரியை

அம்மா, உங்கள் மகளின் இடத்தில் நானும் இருந்திருக்கிறேன். எனக்கு இப்போது முப்பத்தாறு வயது. பள்ளி நாட்களில் யாராவது நகைச்சுவையாகப் பேசினால், சிரிப்பு வருமுன்பே தாவணி முனை என் வாய்க்கு வந்துவிடும். பெண் பார்க்க வந்த வீட்டார் ஒருவர், பெண்ணுக்குப் பல் துலக்கும் பழக்கம் உண்டா என்று என் தாயாரிடமே கேட்டார்கள். அன்றிரவு அம்மா அழுதது இன்னும் நினைவில் இருக்கிறது.

இருபத்திரண்டு வயதில், வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில், மேல்வரிசை நான்கு பற்களின் முகப்பில் காம்போசிட் பூசிக்கொண்டேன். மருத்துவர் முதலில் ஒரே ஒரு பல்லில் மட்டும் செய்து, கண்ணாடியைக் கையில் கொடுத்து, ஒரு வாரம் பழகிப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினார். அந்த அணுகுமுறை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நீங்களும் அப்படிக் கேட்டுப் பாருங்கள். இந்தப் பதினான்கு ஆண்டுகளில் இரண்டு முறை ஓரம் பெயர்ந்து சரிசெய்திருக்கிறேன். தேநீர்க் கறையை அகற்ற ஆண்டுக்கு ஒருமுறை மெருகூட்டிக்கொள்கிறேன். கரும்பையும் தட்டையையும் முன்பல்லால் கடிப்பதில்லை; துண்டாக்கிக் கடைவாய்க்குக் கொடுத்துவிடுவேன். இப்படிப் பராமரிக்க வேண்டும் என்பதை மகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒருமுறை செய்துவிட்டால் முடிந்தது என்று எண்ணி ஏமாற வேண்டாம்.

சிகிச்சை தொடங்க இன்னும் சில மாதங்கள் ஆகலாம். அதுவரையில், படம் எடுக்கும்போது வாயை மூடிக்கொள் என்று வீட்டில் யாரும் அவளிடம் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். என்னிடம் அன்போடுதான் சொன்னார்கள். ஆனாலும் அது ஆறாமல் இருந்தது.

மறுமொழி 4: ஒரு வாசகர், திருச்சி

ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்று முன்னோர் சொல்லியிருக்கிறார்களே. குச்சியால் துலக்கிய என் தாத்தாவுக்கு எண்பது வயதிலும் பல் விழவில்லை. கருவேலங்குச்சியும் கரியும் தீங்கு என்றால் அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள்? இதையும் மருத்துவர் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 5: பல் மருத்துவர், சேலம்

ஐயா, குச்சியையும் கரியையும் ஒன்றாக வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. ஆலங்குச்சியையோ கருவேலங்குச்சியையோ நுனி நார் நாராகப் பிரியும் வரை மென்று, அந்த நாரால் மெதுவாகத் துலக்குவதில் தவறில்லை. மெல்லும்போது உமிழ்நீரும் நன்றாகச் சுரக்கும். பற்களுக்கு இடையிலும் உள்பக்கத்திலும் குச்சி எட்டாது என்பதுதான் குறை. கரித்தூளும் செங்கல்பொடியும் அராவும் பொருள்கள். அவற்றால் நாற்பது ஐம்பது ஆண்டுகள் துலக்கி, ஈறை ஒட்டிய கழுத்துப் பகுதி குழிந்துபோன பற்களோடு வரும் பெரியவர்களை வாரந்தோறும் பார்க்கிறேன். உங்கள் தாத்தாவின் காலத்தில் பண்டமும் மிட்டாயும் இன்றுபோல நாள் முழுவதும் வாயில் இருந்ததில்லை என்பதையும் நாம் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். இனிப்பு எவ்வளவு என்பதைவிட எத்தனை முறை என்பதே சொத்தையை முடிவு செய்கிறது. ஒவ்வொரு முறையும் அமிலம் உண்டாகி, உமிழ்நீர் அதைச் சமன்செய்ய அரைமணி நேரம் வரை ஆகும்.

கேள்வி கேட்ட தாய், ஐந்து வாரங்களுக்குப் பிறகு

அனைவருக்கும் நன்றி. ஆய்வு முடிவு வந்துவிட்டது. ஆழ்துளைக் கிணற்று நீரில் லிட்டருக்கு 2.6 மில்லிகிராம், தெருக்குழாய் நீரில் 0.7. இத்தனை நாளும் அந்தக் கிணற்று நீரில்தான் மகனுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்திருக்கிறேன் என்பதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. இப்போது குடிக்கவும் சமைக்கவும் குழாய் நீர் மட்டும்தான். இரண்டு நாளுக்குத் தேவையானதைப் பிடித்து வைக்க மூடியுள்ள இரண்டு பாத்திரங்கள் வாங்கிவிட்டோம். மகளுக்கு ஈறில் இரத்தம் நின்றுவிட்டது. கூச்சம் பாதியாகக் குறைந்திருக்கிறது. அரசு மருத்துவமனையின் பல் பிரிவில் பார்த்த மருத்துவரும் இது ஃபுளோரோசிஸ்தான் என்றும், கேப் தேவையில்லை என்றும், மைக்ரோ அப்ரேஷன் செய்து பார்க்கலாம் என்றும் சொன்னார். ஆசிரியை சொன்னபடி ஒரு பல்லில் மட்டும் முதலில் செய்ய முடியுமா என்று மகளே அவரிடம் கேட்டாள். கேட்கும்போது அவள் கை மடியில்தான் இருந்தது.

ஒரே ஓர் ஐயம். குழாய் நீரின் அளவு 0.7 என்றால், மகனுக்குப் பற்பசை கொடுக்கத் தொடங்கலாமா?

பல் மருத்துவர், சேலம்

தொடங்கலாம் அம்மா. அரிசி மணியளவு, ஒரு நாளைக்கு இரண்டு வேளை. பசையை நீங்களே பிரஷில் வைத்து, நீங்களே துலக்கிவிட்டு, ஈரத்துணியால் நுரையைத் துடைத்து எடுத்துவிடுங்கள். பசைக்குழாயை அவன் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். கோடையில் காவிரி நீர் குறைந்து தொட்டியில் கிணற்று நீரைக் கலக்கும் வாய்ப்பு இருப்பதால், வைகாசி வாக்கில் குழாய் நீரை இன்னொரு முறை ஆய்வுக்குக் கொடுங்கள். மகளுக்கு முதல் பல் முடிந்ததும் எப்படி வந்திருக்கிறது என்று எழுதுங்கள்.